கரிசக்காட்டில் போட்ட கடல் எல்லை

அன்புத் தம்பி செண்பகராஜுக்கு,

அக்கா செல்வமாரி எழுதிக்கொண்டது. தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் ஊரில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நெஞ்சில் கை வைத்திருப்பாய். கையை எடு. இங்கே எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். உயிரோடு இருப்பதால்தான் இவ்வளவு பாடும். நீயும் ஐஸ்வர்யாவும் பிள்ளைகளும் ராமேஸ்வரத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க நம் இசக்கியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அத்தான் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். "சண்டைன்னு சொல்லாத, கருத்து வேறுபாடுன்னு சொல்லு. பிடிச்சு வச்சாங்கன்னு சொல்லாத, பேச்சுவார்த்தைக்குப் போனேன்னு சொல்லு" என்று வரிக்கு வரி திருத்துகிறார். அதனால்தான் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தாளை எடுத்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ செய்த காரியம் நன்றாக இல்லை. ஐஸ் பாக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவன் ஐஸைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருக்கும் மனுசனுக்கு இரண்டு தேசம் போட்ட ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? பட்டாசு செய்கிற வெடி ஆபீஸ் வாசலில் தீப்பெட்டியை உரசிப் பார்க்கிற வேலை இல்லையா அது?

மழையைச் செய்தியில் பார்த்திருப்பாய். நம் ஊர் மழை எப்படி என்று உனக்குத் தெரியும். நாலு தூற்றல் விழும், நாம் கொடியில் கிடக்கிற துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவோம், திரும்பி வந்து பார்த்தால் அது எட்டயபுரம் பக்கம் போயிருக்கும். இந்தக் கார்த்திகையில் அது எங்கேயும் போகவில்லை. ராவும் பகலும் இங்கேயே நின்று கொட்டியது. வடக்கே கண்மாய் உடைத்துக்கொண்டது. விடிந்து கதவைத் திறந்தால் காட்டைக் காணோம். காய் பிடித்து நின்ற உளுந்து, வெடிக்கக் காத்திருந்த பருத்தி எல்லாம் தண்ணீருக்கு அடியில். எங்கள் புஞ்சையும், தெற்கே ஒட்டியிருக்கும் உன் அத்தான் தங்கை அழகுத்தாய் புஞ்சையும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. நடுவில் வேப்பமரமும் அதன் அடியில் கருப்பசாமி நிற்கிற மேடும் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு தெரிந்தன. நான் வயிற்றில் அடித்துக்கொண்டு நின்றேன். உன் அத்தான் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, வரப்பக் காணோம்" என்றார். போட்ட விதை போயிற்று, உரம் போயிற்று, மனுசனுக்கு வரப்புதான் கண்ணில் பட்டது.

அந்த வரப்புச் சண்டை உனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். என் மாமனார் சாகிறதற்கு முன்னால் அந்த மேட்டில் நின்று, வடக்கே கையைக் காட்டி "இது மகனுக்கு" என்றார், தெற்கே கையைக் காட்டி "இது மகளுக்கு" என்றார். கை வடக்கிலிருந்து தெற்கே எந்த இடத்தில் திரும்பியது என்பதில்தான் சண்டை. பிறகு அழகுத்தாய் மாப்பிள்ளை கொம்பையா அண்ணாச்சி டிராக்டர் வைத்து உழ ஆரம்பித்ததும், வருடத்துக்கு ஒரு சால் வரப்பு வடக்கே நகர்கிறது என்று இவர் சொல்ல, மச்சானுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று அவர் சொல்ல, அண்ணனும் தங்கையும் முகம் பார்க்காமல் ஆகிவிட்டார்கள். எனக்கும் அழகுத்தாய்க்கும் ஒரு சண்டையும் கிடையாது. கோவில்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டு வருவோம். ஊர் விலக்கில் இறங்கியதும் அவள் ஒரு பக்கம் முகத்தைத் திருப்புவாள், நான் ஒரு பக்கம் திருப்புவேன். குடும்ப மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

தண்ணீரோடு கண்மாய் மீனும் வந்துவிட்டது. நம் ஊரில் மீன் என்றால் ஐஸ் பெட்டியில் வைத்துத் தூத்துக்குடிக்காரர் வண்டியில் கொண்டுவருவது. அது நம் உளுந்தங்காட்டில் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தால் எந்த மனுசன் சும்மா இருப்பான்? கொம்பையா அண்ணாச்சி வீட்டுக் கொசுவலையை அவிழ்த்துக்கொண்டு இறங்கி, முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைப் பிடித்துவிட்டார். இவர் கரையில் நின்று கத்தினார்.

"ஏ மாப்ள! அது என் காட்டுல கெடந்த மீனு. கீழ விடு!"

"மீனு பட்டா வச்சிருக்கா மச்சான்? காட்டச் சொல்லுங்க, விட்டுருதேன்."

"என் உளுந்தத் தின்னு வளந்த மீனுய்யா அது!"

"நேத்து ராத்திரி வந்த மீனு விடியதுக்குள்ள இம்புட்டு வளந்துருச்சாக்கும்? அப்ப என்ன உரம் போடுதீங்க, எனக்கும் ஒரு மூட சொல்லுங்க."

ஊரே சிரித்தது. அன்றைக்குச் சாயங்காலம் அழகுத்தாய் கொல்லைப் பக்கமாக வந்து ஒரு தூக்குச்சட்டியில் குழம்பை என் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே போனாள். இவருக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. "இது யாரு வீட்டுக் கொழம்பு?" என்றார். நான் தட்டை எடுத்து வைத்தேன். "என் மீனத்தான் நான் திங்கேன். அதுக்காக அவன் பிடிச்சது சரின்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், சட்டியைத் துடைத்து வைத்துத்தான் எழுந்தார். தலையைக்கூட விடவில்லை.

அந்த ராத்திரிதான் உனக்குப் போன் போட்டு, "கடல்ல ரெண்டு தேசத்துக்கு நடுவுல எப்படி மாப்ள கோடு போடுதாங்க?" என்று கேட்டிருக்கிறார். உடனே நீ, இந்தியாவும் இலங்கையும் எழுபத்து நாலில் ஒன்று, எழுபத்தாறில் ஒன்று என்று போட்ட ஒப்பந்தம் இரண்டையும் அனுப்பி, கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சியையும் போட்டிருக்கிறாய். அந்த மூஞ்சியை இவர் வாழ்த்து என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்க் கோவில்பட்டியில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். மகள் ப்ரியதர்ஷினி பாவம், மருந்துக் கடையில் நாள் பூராவும் நின்று கால் வலியோடு வந்தவள். அவளை உட்காரவைத்து இங்கிலீஷைத் தமிழில் சொல்லச் சொன்னார். வரிசையாகப் புள்ளி வருகிறது, புள்ளிக்குப் பக்கத்தில் இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம் என்று வருகிறது. மணியாச்சி ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்த மனுசனல்லவா, நிமிடம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எத்தன நிமிசம் லேட்டு?" என்று கேட்டார். அது மணி நேரத்துக்கு உள்ள நிமிடம் இல்லை, பூமியை அளக்கிற நிமிடம் என்று மகள் விளக்கிச் சொல்வதற்குள் குழம்பு ஆறிவிட்டது.

நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன் தம்பி. முதல் தாளில், நம் ஊர் மீன்பிடிக்காரரும் கோயிலுக்குப் போகிறவரும் எப்போதும்போலக் கச்சத்தீவுக்குப் போய் வரலாம், பாஸ்போர்ட் விசா வேண்டாம் என்று இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து எழுதிக்கொண்ட கடிதத்தில், உன் படகு என் தண்ணீரில் மீன் பிடிக்கக்கூடாது, என் படகு உன் தண்ணீரில் பிடிக்கக்கூடாது என்று இருக்கிறது. எனக்குப் புரியவில்லை.

"அப்ப போலாமா, போகக் கூடாதா?" என்று கேட்டேன்.

"போலாம். மீன் பிடிக்கக் கூடாது."

"மீன் பிடிக்கிறவன் அங்கன வேற எதுக்குப் போவான்? காத்து வாங்கவா?"

"ஏட்டி, ரெண்டு சர்க்காரு உக்காந்து பேசி முடிச்சத நீ அடுப்படியில நின்னு கேள்வி கேக்காத."

மறுநாள் காலையில் போனில் அந்த டிகிரி காட்டுகிற மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் குடையுமாகத் தண்ணீருக்குள் இறங்கினார். பழைய வரப்பு இருந்த இடத்தைப் புள்ளி புள்ளியாகக் குறிக்கப் போகிறாராம். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் என்ன செய்யும் என்று கரிசலில் பிறந்தவருக்குச் சொல்லித் தரவேண்டுமா? பத்தடி போவதற்குள் முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. காலை எடுக்கக் குனிந்தார், தொடை வரை இழுத்தது. போன் தண்ணீருக்குள் போனது. குடையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் தள்ளி நில்லுங்க, எனக்கு வர வழி தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அழகுத்தாய் "எங்க அண்ணன் போச்சே!" என்று அலறினாள். கொம்பையா அண்ணாச்சி மகன் அருண்பாண்டியனைக் கூப்பிட்டு, டிராக்டரைக் கரையில் நிறுத்திக் கயிற்றைத் தூக்கிப் போடச் சொன்னார். கயிறு அக்குளில் மாட்டியதும் டிராக்டர் இழுத்தது. மனுசன் கேரட் பிடுங்குகிற மாதிரி வந்தார். ஒரு செருப்பு வரவில்லை. வேட்டியும் வரவில்லை, அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கரைக்கு வந்து சேர்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கயிறு எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு? அவன் உதவிய நான் ஏத்துக்கிட்டதா ஆயிரப்படாது."

போன் போனபிறகு டிகிரியும் போயிற்று. சரி, புத்தி வந்திருக்கும் என்று பார்த்தால், காலித் தண்ணீர் பாட்டில்களை எல்லாம் பொறுக்கி, என் துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து, அதில் வரிசையாகக் கட்டிவிட்டார். எங்கள் மோட்டார் ரூம் சுவரிலிருந்து வேப்பமரத்துக்கு ஒரு இழுப்பு, அங்கிருந்து கிழக்கே பனைக்கு ஒரு இழுப்பு. பாட்டில் மிதக்கிற இடம் எல்லை. ஆச்சரியம், கொம்பையா அண்ணாச்சியும் அதற்கு ஒத்துக்கொண்டார். ஏன் ஒத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. நடுவில் இருக்கிற மேட்டை இவர் "நல்லெண்ணத்தின் அடிப்படையில்" அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்! கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கருப்பசாமிய யாரக் கேட்டுக் குடுத்தீங்க? எம் மகளுக்குக் காது குத்துன எடமில்லா அது?"

"மேடுதான் அவனுக்கு. நமக்கு உரிம இருக்கு. வருசா வருசம் பொங்க வைக்க விசா இல்லாமப் போலாம். ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

"எங்க சாமியப் பாக்கதுக்கு விசா வேண்டாம்னு அவுக சொல்லணுமாக்கும்?"

அதற்குள் அண்ணாச்சி கருப்பசாமி அரிவாளில் கொசுவலையைக் காயப்போட்டுவிட்டார். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் முழுக்கத் தண்ணீராகக் கிடக்கும்போது அவருக்கும் கொசு கடித்திருக்கும் போல.

அதற்குப்பிறகு இவருடைய ஆட்டம் தாங்கவில்லை. வேலை பார்த்த காலத்தில் வைத்திருந்த பச்சைக்கொடி, சிவப்புக்கொடியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி வலை பாட்டிலுக்குப் பக்கத்தில் வந்தால் சிவப்பு. தள்ளிப் போனால் பச்சை. இரண்டு வண்டி ஒரே தண்டவாளத்தில் வந்துவிடக்கூடாது என்று ஆயுசு பூராவும் காவல் நின்ற மனுசன், இப்போது இரண்டு கெண்டை ஒரே பக்கம் போய்விடக்கூடாது என்று காவல் நிற்கிறார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவம். வேலை இல்லாமல் வாடிப்போய்க் கிடந்தவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு தெளிச்சல் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

காவல் நின்றால் மட்டும் மீன் வருமா? பழைய டிராக்டர் டியூப் ஒன்றில் காற்றடித்து, மேலே பலகையைக் கட்டி, அதில் ஏறி உட்கார்ந்து தூண்டில் போட்டார். எங்கள் பக்கத்துக்குள்ளேயேதான் போட்டார். ஆனால் வாடைக்காற்று ஒப்பந்தம் படித்ததில்லையே. வடக்கேயிருந்து அடித்த காற்று டியூப்பைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. துடுப்பு கிடையாது. பாட்டில் வரிசையைத் தொட்டு, அமுக்கி, தாண்டிப் போய்விட்டது. இவர் பதறிப்போய், நான் சண்டைக்கு வரவில்லை என்று காட்டப் பச்சைக்கொடியை ஆட்டியிருக்கிறார். மறுபக்கத்தில் அண்ணாச்சி தொரட்டிக் கம்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார். டியூப்பைக் கொக்கி போட்டு இழுத்து, "எல்ல தாண்டி வந்துட்டீங்க மச்சான். படகப் பறிமுதல் பண்ணுதேன். ஆள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

நான் அப்போது கோவில்பட்டியில் என் தையல் யூனிட்டில் இருந்தேன். புதியம்புத்தூர் நைட்டி ஆர்டர் அன்றைக்குப் போயாக வேண்டும். ப்ரியாவிடமிருந்து போன்.

"யம்மா, அப்பாவ அத்த வீட்டுல பிடிச்சு வச்சிருக்காங்க."

"சோறு போட்டாங்களா?"

"ரெண்டாவது தடவ சாப்பிடுதாருன்னு அருண் சொன்னான்."

"அப்ப சாயங்காலமா வாரேன்" என்று சொல்லிவிட்டு மிச்சம் இருந்த பட்டன் காஜாவையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். புருசன் அடுத்த தேசத்தில் காவலில் இருக்கும்போது நைட்டி தைக்கிறாளே என்று நீ நினைக்கலாம். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நிம்மதியான மத்தியானம் தம்பி அது.

போய்ப் பார்த்தால், நனைந்த வேட்டிக்குப் பதிலாகக் கொம்பையா அண்ணாச்சியின் சாரத்தைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் உன் அத்தான். எதிரே தரையில் அழகுத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். நான் நிலைப்படியில் நின்றேன். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அழகுத்தாய்தான் குனிந்த தலை நிமிராமல் ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்கு நீ வரணும்னா கம்மா ஒடைய வேண்டியிருக்கு. காத்து அடிக்க வேண்டியிருக்கு. பிடிச்சுக் கட்டி இழுத்துட்டு வர வேண்டியிருக்கு. அப்படித்தான?"

இவர் கொடியைச் சுருட்டி விரித்தார், விரித்துச் சுருட்டினார்.

"போன வருசம் வயித்த அறுத்துக் கோயில்பட்டி ஆஸ்பத்திரியில கெடந்தேன். ஊர்ல எல்லாரும் வந்து பாத்தாங்க. நீ வரல. வரப்பா வந்து என்னப் பாத்துச்சு?"

"வந்தேன்" என்றார் இவர். சத்தமே வரவில்லை. "கேட்டு வரைக்கும் வந்தேன். ஆரஞ்சுப் பழம்கூட வாங்கிட்டு வந்தேன். உள்ள வந்தா மாப்ள ஏதும் சொல்லிருவாரோன்னு நின்னுட்டே இருந்தேன். பெறவு பார்வையாளர் நேரம் முடிஞ்சிருச்சுன்னு வெளிய அனுப்பிட்டாங்க."

எனக்கே இது தெரியாது தம்பி. ஆரஞ்சுப் பழத்தை என்ன செய்தார் என்றும் இதுவரை சொல்லவில்லை. அழகுத்தாய் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொம்பையா அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, டியூப்போடு வந்து கைக்குக் கிடைத்த சிவப்புக்கொடியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் என்ன சொல்லிருவேன் மச்சான்? உள்ள வாங்கன்னுதான சொல்லிருப்பேன்" என்றார். நான் மட்டும் சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று அந்த வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அழுகைக்கு அது வசதியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அழகுத்தாய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏண்ணே, கடல்ல கோடு போட்டாங்கன்னு தாள வச்சிட்டுத் திரியுதியே, கோடு போட்ட பெறவு அங்கன சண்ட நின்னுச்சா?" என்று கேட்டாள்.

உன் அத்தான் சட்டைப் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்துப் புரட்டினார். பதில் அதில் இல்லை. நான்தான் சொன்னேன். ராமேஸ்வரத்துப் படகு இலங்கைக்காரரிடம் பிடிபட்ட அன்றைக்குப் படகுத்துறையில் பொம்பளைகள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு உனக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று நீ சொன்னாயே, அதைச் சொன்னேன். இவர் தாளை நாலாக மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

அப்புறம்தான் எனக்கும் அழகுத்தாய்க்கும் ஒரே நேரத்தில் அந்த யோசனை வந்தது. யாருக்கு முதலில் வந்தது என்று இன்னும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அருணும் ப்ரியாவும் அத்தை மகன், மாமன் மகள். முறை இருக்கிறது, வயது இருக்கிறது. இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்துவைத்து, வரப்பு எங்கே என்று தெரியாத அந்த நடுத்துண்டையும் மேட்டையும் வேப்பமரத்தையும் அவர்கள் பெயருக்கே எழுதிவைத்துவிட்டால் கோடு எதற்கு, பாட்டில் எதற்கு? கேட்டதும் அண்ணாச்சி தொடையில் தட்டி எழுந்துவிட்டார். இவரோ, "ராஜாக்கமாரு அந்தக் காலத்துல இப்படித்தான் செஞ்சாவ" என்றார். பெயரில் மகாராஜா என்று இருந்தால் மனுசனுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

அன்றைக்கே வெள்ளைத் தாள் வாங்கிவரச் சொல்லி ஒப்பந்தம் எழுதினோம். இவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "உயர் ஒப்பந்தத் தரப்பினர்" என்று எங்களை எல்லாம் போடச் சொன்னார், அழகுத்தாய் "நாம எப்பண்ணே உயந்தோம்?" என்று கேட்டாள், இருந்தாலும் போட்டோம். தண்ணீர் வற்றும் வரை இரு தரப்பும் எங்கே வேண்டுமானாலும் மீன் பிடிக்கலாம். டியூப் சேதாரம் இல்லாமல் திருப்பித் தரப்படும். மேட்டில் பொங்கல் இரண்டு பானையிலும் வைக்கப்படும். கல்யாணம் தையில். வரப்பு இனி யாரும் போடக்கூடாது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். "மகாராஜாவே கையெழுத்துப் போட்டாச்சு, இனி எவன் கேப்பான்" என்றார் அண்ணாச்சி. அழகுத்தாய் கருப்பட்டிக் காப்பி போட்டாள். வெளியே வந்தபோது இவர் சாரத்தைக்கூட மாற்றாமல், மாப்பிள்ளை தோளில் கை போட்டுக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். மறுநாள் ஊர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நானும் அழகுத்தாயும் முகத்தைத் திருப்பாமல் பேசிக்கொண்டு வந்ததைப் பார்த்து டீக்கடையில் ஒருத்தர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டார்.

ஆக தம்பி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உளுந்து போனது போனதுதான். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் ஒரு கல்யாணம் கூடியிருக்கிறது, ஒரு அண்ணனும் தங்கச்சியும் கூடியிருக்கிறார்கள். உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். முடிக்கும்போது பார்த்தால், நீ அந்தத் தாளை அனுப்பாமல் இருந்திருந்தால் இவர் டியூப்பில் ஏறியிருக்க மாட்டார், ஏறாமல் இருந்திருந்தால் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. தாய்மாமன் நீ, சீரோடு முன்னால் வந்து நிற்கவேண்டும். ஐஸ்வர்யாவுக்குப் பட்டு எடுக்க இப்போதே லீவு சொல்லிவை. பிள்ளைகளுக்கு என் முத்தம். வெயிலில் தலையில் துண்டு போடாமல் திரியாதே. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் வாழ, விசா கேட்காத நம் சாமிகள் எல்லாரும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
செல்வமாரி

பி.கு.: தபால்தலை ஒட்ட ப்ரியாவிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "யம்மா, எனக்கும் அருணுக்கும் கல்யாணம்னு நாலு பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, எங்க ரெண்டு பேருல யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். நான் திகைத்துப்போய், "ஏட்டி, அவனுக்கு என்ன குறை?" என்றேன். "அவனுக்கு ஒரு குறையும் இல்ல. அவன் கட்டப்போறது புதியம்புத்தூர்ல ஒங்களுக்கு நைட்டித் துணி வெட்டிக் குடுக்காளே தங்கமாரி, அவள. ரெண்டு வருசமா எனக்குத் தெரியும். நான் ஓசூர்ல மருந்துக் கம்பெனியில வேலைக்குச் சேரப் போறேன், பொங்கல் கழிச்சுக் கெளம்புதேன். ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் சேந்து ஒங்க நாலு பேருகிட்டயும் சொல்லலாம்னு இருந்தோம்" என்கிறாள். ஆகவே பட்டு எடுக்கவேண்டாம், லீவு சொல்லவேண்டாம், மேலே நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படித்துக்கொள். இதை எழுதுகிற இந்த நேரத்தில் உன் அத்தானும் கொம்பையா அண்ணாச்சியும் ஒரே டியூப்பில் முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு யார் அப்பா பெயரை வைப்பது என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது, சத்தம் இங்கே கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரை பிடிக்கட்டும். அதற்குள் அவர் உனக்குப் போன் போட்டு, போட்ட ஒப்பந்தத்தை எப்படி முறிக்கிறது என்று கேட்டால், அங்கே டவர் இல்லை என்று சொல்லிவிடு.